வந்தவர்களுக்கு முப்பது மில்லி

வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் தண்ணீர் கொடுக்கவில்லை என்று போர்ட் பிளேர் பக்கத்துக் கராச்சர்மாவில் எங்கள் ஜனங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். ஆளுக்கு முப்பது மில்லி கொடுத்தேன். அந்த நாட்களில் அளந்து பார்க்காமல் எந்த டம்ளரிலும் எதையும் நான் ஊற்றியதில்லை. ஆகவே கொடுத்தது எவ்வளவு என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். இப்படியெல்லாம் நியாயம் பேசுகிறேனே தவிர, அடுப்படியில் தனியாக நிற்கும்போது அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டால் இப்போதும் முகம் சுடுகிறது.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது ஆரம்பித்தது இது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வாலிப வயதில் போர்ட் பிளேருக்கு வந்து, தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் மெயின்லேண்டில் படிக்கிறார்கள். என் கணவருக்கும் கப்பல் வேலைதான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஏறினால் திக்லிபூர், அங்கே இங்கே என்று சுற்றிவிட்டுத்தான் வீடு. எனவே வீட்டில் பெரும்பாலும் நானும் மாமாவும் மட்டும்.

அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. உடம்பில் தண்ணீர் சேர்ந்து, கால் வீங்கி, நுரையீரல் வரைக்கும் ஏறி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான். ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கிய பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். காபி, கஞ்சி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். அதற்கு மேல் போனால் மறுபடியும் இதே நிலைமைதான், அப்போது இங்கே வைத்துப் பார்க்க முடியுமா என்று தெரியாது, மெயின்லேண்டுக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றார்.

டாக்டர் லிட்டர் என்றார். நர்ஸ் ஆயிரம் சிசி என்றாள். கொடுத்த சீட்டில் ஆயிரம் எம்எல் என்று எழுதியிருந்தது. மூன்றும் ஒன்றுதான் என்று ஆட்டோவிலேயே மாமாவுக்கு விளக்கினேன்.

"சிசி பைக்குக்குல்லா சொல்லுவாவ. நான் என்ன ஸ்கூட்டரா?" என்றார்.

"ஒரு சிசின்னா ஒரு மில்லிதான் மாமா."

"அப்ப மூணு பேரும் ஆளுக்கு ஒரு லிட்டர் தந்திருக்காவ. மூணு லிட்டர். போதும் மக்களே, சமாளிச்சிருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டோக்காரனும் சிரித்தான். நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழி இது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி மேஜைமேல் வைக்க வேண்டும். அவர் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். பாட்டிலில் மிச்சம் என்னவோ அதுதான் அவருக்கு மிச்சம். சுலபம்தான், ஆனால் நம் வீட்டுப் பாத்திரம் எது எவ்வளவு பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன பிளாஸ்டிக் கப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது விளிம்புவரை முப்பது மில்லி. காபி டம்ளர் நாலு கப் பிடித்தது, நூற்றிருபது. கஞ்சிக் கிண்ணம் இருநூற்றைம்பது. ரசக் கரண்டி எண்பது. மாத்திரைக்கு வேளைக்கு நாற்பது. வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைக்கும் எவர்சில்வர் டம்ளரில் எட்டு கப் போயிற்று, இருநூற்று நாற்பது. இவ்வளவு காலம் அந்த டம்ளரை நான் கால் லிட்டர் என்றுகூட நினைத்ததில்லை, டம்ளர் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

இரண்டு வேளைக் காபி, கஞ்சி, ரசம், மூன்று வேளை மாத்திரை எல்லாம் கூட்டினால் அறுநூற்றுத் தொண்ணூறு. ஆயிரத்தில் அது போக முந்நூற்றுப் பத்து. அவ்வளவுதான் தாகத்துக்கு. இந்த ஊர்ப் புழுக்கத்தில், ஒரு பெரிய மனிதருக்கு, நாள் முழுவதும் அதுதான்.

மாமா கப்பலில் பார்த்த வேலைகளில் ஒன்று குடிதண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொள்வது. டேங்குக்குள் அளவு நாடாவை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, மேலே போய்ச் சொல்வார். எல்லாம் டன் கணக்கு. ஒரு டன் என்றால் ஆயிரம் லிட்டர். எங்கள் மொட்டைமாடியில் இருக்கிற டேங்க் ஐந்நூறு லிட்டர், அவர் கணக்கில் அரை டன். கோடையில் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும்போது அது நிரம்புவதற்கு நான் எவ்வளவு பாடுபடுவேன் என்பது தனிக் கதை. நான் மேஜையில் உட்கார்ந்து பாட்டிலில் நூறு நூறாக மார்க்கர் பேனாவால் கோடு போடுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க ஷிப்புல மில்லின்னு ஒண்ணே கிடையாது மக்களே. டேங்கைத் தொறந்து மூடுறதுக்குள்ள சிந்துறது மட்டும் நீ எனக்குத் தார ஒரு வாரத் தண்ணி."

"இது ஷிப்பு இல்ல மாமா. உங்க நெஞ்சு."

"சரி, சரி. கேப்டன் நீதான்."

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்கா தேங்காய் கேட்டு வந்தார். வெயிலில் வந்தாரே என்று எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "எனக்கும் ஒண்ணு கொண்டா" என்றார். எங்கள் வீட்டில் வழக்கமே அப்படித்தான். வந்தவர் தனியாகக் குடிக்கக் கூடாது, வீட்டுப் பெரியவரும் கூட உட்கார்ந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படியாம். நான் பாட்டிலைப் பார்த்தேன். நூற்றைம்பதுதான் இருந்தது. "இப்ப வேண்டாம் மாமா" என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அரே பஹு, பானி தோ தே தோ" என்றார். தண்ணிதானே மருமகளே கேட்கிறார், அதையாவது கொடு என்று. சொன்னது மெதுவாகத்தான், ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே! என் சமையலை எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லட்டும், கவலையில்லை. வயதானவருக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்காத மருமகள் என்ற பேரை எடுத்துக்கொண்டு நான் எந்தக் கோயிலில் போய் முட்டிபோடுவேன்? டாக்டர், லிட்டர் என்றெல்லாம் அரைகுறை இந்தியில் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். நம்பின மாதிரி இல்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தேன்.

அவர் குடித்ததை இன்னும் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், தொண்டை ஏறி இறங்க இருநூற்று நாற்பதையும் குடித்து முடித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆஹா, மனிதர் வழி கண்டுபிடித்துவிட்டார் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார். மீன் விற்கிற பெங்காலிக்காரர், சிலிண்டர் போடுகிற தெலுங்குப் பையன், பஸ்ஸுக்கு நிற்கிற மலையாளி டீச்சர், யாராக இருந்தாலும் சரி. இங்கே எல்லோருக்கும் பொதுவான இந்தியில், "ஆவோ, ஆவோ, பானி பீ கே ஜாவோ", வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று அவர் கூப்பிட்டால் கராச்சர்மா முழுக்கக் கேட்கும். அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, "மக்களே, ரெண்டு டம்ளர்" என்பார். இரண்டு! வந்தவர் முன்னால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் சொல்லத் தைரியம் இல்லை. பாதி டம்ளர் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தேன். வந்தவரிடமே அதைக் காட்டி, "பாரு, என் மருமகளுக்குக் கை சின்னது" என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே போய் அழுதேன்.

மூன்று பேர் வந்தால் எழுநூற்றிருபது மில்லி. அவருக்கு இருக்கிறதோ முந்நூற்றுப் பத்து. நானூற்றுப் பத்து மில்லி கூடுதல். இப்படி ஐந்து நாள் போனால் இரண்டு லிட்டருக்கு மேல். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை, டாக்டர் சொல்லியிருந்தார், தினமும் காலையில் எடை பாருங்கள், சட்டென்று ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். எடை பார்க்கிற மெஷினில் மாமா ஏறி நின்றார். இரண்டு கிலோ கூடியிருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. அன்று மத்தியானம் சாய்ந்து படுத்தவர் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டார். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இந்த மனிதரை நானே டம்ளர் டம்ளராக மூழ்கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கணவருக்குப் போன் போட்டேன், கப்பல் நடுக்கடலில், லைன் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் அன்பியத்தார் வந்தார்கள். எங்கள் மாதா கோயில் பங்கில் தெருவாரியாகக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு அது, வாரம் ஒரு வீடு. நோயாளி இருக்கிற வீடு என்பதால் எங்கள் வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்டார்கள். மாமாதான் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். எட்டுப் பேர். ஜெபமாலை முடிந்து, பாட்டு முடிந்தது. குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். எட்டு டம்ளர் எலுமிச்சைச் சாறு போகும், ஒன்பதாவது டம்ளரை மாமா கேட்பார். பாட்டிலில் ராத்திரி மாத்திரைக்கான நாற்பதை ஒதுக்கினால் மிச்சம் முப்பது மில்லி இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, என் அம்மாவே சொல்வாள். பழைய மருந்து டப்பாவைக் கவிழ்த்தேன். பிள்ளைகளுக்கு வாங்கியது, மாமாவுக்கு வாங்கியது என்று தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்த சிரப் கப் எத்தனையோ கிடந்தது. ஒன்பதைக் கழுவி, ஒன்பதிலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் வைத்தேன்.

அன்பியத் தலைவி ஒரு கப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "என்ன பிள்ள இது, இருமல் மருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்போது நானும் சிரித்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும்.

"தண்ணி" என்றேன். "மாமாவுக்கு இன்னைக்கு மிச்சம் இவ்வளவுதான். அவருக்கு என்னவோ அதுதான் வாரவங்களுக்கும்."

"அதுக்காக, வீடு தேடி வந்த எங்களுக்கு இப்படியா குடுப்ப?"

"யாரு தேடி வரச் சொன்னா? அவரு உங்களை ஜெபத்துக்குக் கூப்பிட்டாருன்னா நினைச்சீங்க? தண்ணிக்குக் கூப்பிட்டாரு! நாலு பேர் முன்னால நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதுக்குத்தான் ஊர்ல போறவன் வாறவனையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்காரு. யார் மேலயும் பாசம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தண்ணி, தண்ணி!"

கத்தினேன். அந்தச் சத்தம் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. திரும்பி மாமாவைப் பார்த்தேன். சிரித்த முகம் அப்படியே இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருந்தது. கண்ணை மட்டும் தட்டின் பக்கம் இறக்கிக்கொண்டார். தலைவி கப்பிலிருந்த தண்ணீரைக் குடித்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எடுத்துக் குடித்தார்கள். குடித்துவிட்டு, போயிட்டு வாரோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். மாமாவின் கப் மட்டும் தட்டில் இருந்தது.

"குடிங்க மாமா."

"இருக்கட்டும் மக்களே."

அவர் எழுந்து போய் நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போட்டார். வீங்கின காலோடு அவர் அதைத் தூக்கியபோது நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போனபோது எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது, வீக்கம் வடிந்திருந்தது. "பஹுத் அச்சா, உங்களை மாதிரி அளந்து கொடுத்தால் எங்களுக்கு வேலையே இல்லை" என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். பக்கத்தில் மாமா தலையாட்டினார். எனக்கு அந்த மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அன்று அன்பியத்தார் முன்னால் நான் சொன்னது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதில் எவ்வளவு உண்மை? கப்பலில் டன் கணக்காகத் தண்ணீர் கையில் இருந்த காலத்திலும் இந்த மனிதர் இப்படித்தான் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார் என்று என் கணவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். டெக்கில் படுத்திருக்கும் ஜனங்களுக்கு அவரே போய்த் தண்ணீர் ஊற்றுவாராம். அதை நான் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

மழைக்காலம் பிடித்துவிட்டது. போன வாரம் ஒரு முற்பகலில் மழை விட்ட நேரம், அந்த மீன்காரர் பழக்கத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வந்து கூடையை இறக்கினார். "தாதா, தோடா பானி?" என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டார். மாமா உள்ளேயிருந்து அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கொடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை. தன் வீட்டில், தன் வாசலில் நிற்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்க!

நான் அடுப்படிக்கு ஓடினேன். எவர்சில்வர் டம்ளர் நிறைய மொண்டு கொண்டுவந்து மீன்காரர் கையில் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மாமா தனக்கு ஒன்று கேட்கவில்லை. எழுந்து மேஜைக்கு வந்தார். பாட்டிலில் ஐந்நூற்றுத் தொண்ணூறு இருந்தது. காபி, கஞ்சி, காலை மாத்திரை போக மிச்சம். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மீன்காரர் கவிழ்த்து வைத்த டம்ளரை நிமிர்த்தி, பாட்டிலிலிருந்து அது நிறைய ஊற்றி, செம்பருத்திச் செடியில் கொட்டினார்.

"என்ன மாமா பண்ணுதீங்க?"

"யாரு குடிச்சாலும் இதுல இருந்து கொட்டணும்லா. வந்தவன் குடிச்சது என் பங்கு."

முந்நூற்றைம்பது மிச்சம். அதில் சாயங்காலக் காபி, ரசம், இன்னும் இரண்டு வேளை மாத்திரை என்று இருநூற்றெண்பது போய்விடும். எழுபது மில்லி. பொழுது சாய்கிறவரை தாகத்துக்கு அவருக்கு இரண்டு வாய்த் தண்ணீர். அப்படி இல்லை மாமா, வருகிறவர்கள் குடிப்பது உங்கள் கணக்கில் வராது என்று எவ்வளவோ சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம், இருநூற்று நாற்பதை அளந்து திரும்பப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். எழுந்து வந்தவர் பாட்டிலைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். "மாமா, அது உங்க தண்ணி. குடிங்க மாமா, நான் சொன்னது தப்பு" என்றேன். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, கோடு பார்த்து, சரியாக அவ்வளவையும் செடியில் ஊற்றினார்.

"வந்தவனுக்குக் குடுத்தாச்சு மக்களே" என்றார். "குடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது."